ஆட்டு ரத்தத்தில் எண்ணிய டி செல்கள்

எழுபதுகளின் கடைசியில் சின்னமனூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு மதுரையில் ஒரு வருடம் பயிற்சி எடுத்திருந்தேன், படிப்பு அவ்வளவுதான். வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததால் வருகிற சனமெல்லாம் என்னை நர்சம்மா என்றுதான் கூப்பிடும். முதல் ஆறு மாதம் திருத்திப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

என் வேலை சளி, மலம், மூத்திரம், ரத்தம். காலையிலிருந்து மத்தியானம் வரை மைக்ராஸ்கோப்பைவிட்டு எழுந்திருக்க நேரமிருக்காது. பார்த்ததை நோட்டில் எழுதி டாக்டருக்கு அனுப்ப வேண்டும். அங்கே இருந்த டாக்டர் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். மேல்படிப்புக்காக மதுரையில் ஒரு பேராசிரியரிடம் பதிவு செய்திருந்தார். பேச்சு குறைவு. ரிசல்ட் சீட்டை இரண்டு தடவை படிப்பார்.

ஒரு மழைக்காலத்தில் மேகமலை எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கீழே கொண்டுவந்தார்கள். தேயிலை பறிக்கிறவர், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. விடாத இருமல். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் ரத்தமே இல்லாமல் வெளுத்துக் கிடந்தது.

"அட்டை குடிச்சிருச்சு நர்சம்மா. மழையில பாத்தீகன்னா காலு பூரா அட்டைதான்" என்றார் அவர்.

அவருடைய சளியைப் பார்த்தேன். நீலப் பின்னணியில் சிவப்புச் சிவப்பாகக் குச்சிகள், காச நோய்க் கிருமிகள். சந்தேகமே இல்லை. மலத்தைப் பார்த்தேன். கொக்கிப்புழு முட்டைகள், எந்தப் பக்கம் நகர்த்தினாலும் முட்டைகள். அவர் சொன்ன அட்டை காலில் இருந்தது. இது குடலுக்குள் வருடக்கணக்காகக் கடித்துக்கொண்டு ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் அவருடைய முன்கையில் காச நோய்க்கான சோதனை ஊசி போட்டார். கிருமி உடம்பில் இருந்தால் மூன்றாம் நாள் அந்த இடம் சிவந்து கட்டியாகத் தடிக்க வேண்டும். மூன்றாம் நாள் நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். அளக்க ஒன்றுமில்லை. ஊசி போட்ட இடமே தெரியவில்லை.

"மருந்து பழசாகியிருக்கும்" என்று சொல்லிப் புது மருந்து வரவழைத்து மறு கையில் போட்டார் டாக்டர். அதுவும் தடிக்கவில்லை.

சளியில் கிருமியை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படியிருக்க உடம்புக்கு அது தெரியவில்லையென்றால் எப்படி? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு மத்தியானம் நோயாளிகள் போன பிறகு, ஊசித் தடிப்பின் அளவையும் குறித்திருந்த சளி நோட்டையும் மல நோட்டையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு பழைய பக்கங்களைப் புரட்டினேன். சளியில் கிருமி இருந்தும் கையில் தடிப்பு வராதவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அநேகமாக எல்லாரும் மலையிலிருந்து வந்தவர்கள். அநேகமாக எல்லாருடைய மலத்திலும் கொக்கிப்புழு, நான் சிவப்பு மையில் 'மிக அதிகம்' என்று எழுதிய ஆட்கள்.

நோட்டுகளை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். "சார், பூச்சிக்கும் இதுக்கும் ஏதாச்சும் சம்பந்தம் இருக்குமா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, சிரிப்பாரோ என்று பயமாகவும் இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. என் நோட்டுகளை இரண்டு தடவை படித்தார். "உட்காருங்க" என்றார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அவர் சொன்னது இது. ரத்தத்தில் இருக்கிற வெள்ளணுக்களில் டி செல் என்று ஒரு வகை உண்டு. கையில் அந்தத் தடிப்பைக் கொண்டுவருவது அதுதான். காச நோய்க் கிருமியை வளைத்துப் பிடித்து அடக்கி வைப்பதும் அதுதான். புழு ஒரு உடம்பில் வருடக்கணக்கில் குடியிருக்க வேண்டுமென்றால் இந்தக் காவலை மந்தமாக்கி வைத்தாக வேண்டும். அப்படி மந்தமான உடம்பில் வேறு கிருமி நுழைந்தாலும் எதிர்ப்பு எழும்பாமல் போகலாம். போகலாம் என்றுதான் சொன்னார், போகும் என்று சொல்லவில்லை.

"அந்த டி செல்லை எண்ண முடியுமா சார்?"

"முடியும். ஆனா இங்க முடியாது. அதுக்கு செம்மறி ஆட்டு ரத்தம் வேணும். வாரா வாரம் புதுசா வேணும். மதுரையிலயே கிடைக்கிறது கஷ்டம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னமனூருக்குக் கிழக்கே மானாவாரிக் காட்டில் என் அப்பா செம்மறி மேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை அய்யா என்போம். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஆட்டு வாடை அடிக்கிறது என்று என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. ஆஸ்பத்திரியில் யாருக்கும் நான் ஆட்டுக்கார வீட்டுப் பெண் என்று சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"எங்க வீட்டுல இருக்கு சார். ஒரு பட்டி ஆடு."

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் அய்யாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கயிறு திரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"ஆட்டு ரத்தத்த மனுசனுக்கு ஏத்தப் போறாகளா?"

"ஏத்த மாட்டாக அய்யா. கண்ணாடிக் குழாயில மனுச ரத்தத்தோட கலந்து பாப்போம்."

"ஆட்ட அறுக்கணுமா?"

"வேணாம். கழுத்து நரம்புல ஊசி போட்டுக் கொஞ்சமா எடுத்துக்கிட்டா போதும். ஆடு அது பாட்டுக்கு மேயும்."

மறுபடி கயிற்றைத் திரித்தார். "அப்ப நல்ல ஆடாப் பாத்துத் தாரேன் ஆத்தா. சீக்கு ஆட்டக் குடுத்துட்டு நாளைக்கு ஒன் கணக்கு தப்பாப் போயிறக் கூடாதுல்ல."

மறுநாள் இரண்டு பெட்டை ஆடுகளை நடத்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். பின்பக்கம் புங்க மரத்தடியில் ஆட்டின் தலையை முழங்காலுக்கு நடுவே வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் கழுத்து மயிரைக் கத்தரித்து, நரம்பை விரலால் அமுக்கி, ஊசியை ஏற்றினேன். ஆடு ஒரு தடவை உதறியது, அவ்வளவுதான். உறையாமல் இருக்க மருந்து ஊற்றிய சீசாவில் ரத்தம் இறங்கியது. கம்பவுண்டரும் ஆயாக்களும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆட்டு வாடை என் கோட்டிலெல்லாம் ஏறிவிட்டது. அன்றைக்கு அது எனக்குக் கூச்சமாக இல்லை.

வேலையின் முறை இதுதான். ஆளின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைத் தனியாகப் பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு கனமான திரவத்தை டாக்டர் மதுரையிலிருந்து கொண்டுவந்தார். பிரித்த அணுக்களோடு ஆட்டின் சிவப்பணுக்களைக் கலந்து, மெதுவாகச் சுற்றி, குளிரில் வைத்து எடுக்க வேண்டும். எதனாலோ தெரியாது, மனுச டி செல்லில் செம்மறியின் சிவப்பணு போய் ஒட்டிக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் நடுவில் ஒரு செல், அதைச் சுற்றி மூன்று நான்கு மணிகள் கோத்த மாதிரி இருந்தால் அது டி செல். மணி ஒட்டாத வெள்ளணு வேறு வகை. இரண்டையும் எண்ணி, நூற்றுக்கு எத்தனை என்று எழுத வேண்டும்.

டாக்டர் இதைத் தாளில்தான் படித்திருந்தார், கையால் செய்ததில்லை. நானும் செய்ததில்லை. முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. என் ரத்தத்தையே எடுத்துச் செய்து பார்த்தேன், எனக்கே டி செல் இல்லை என்று வந்தது! குழாயைக் கலக்கும்போதுதான் தப்பு நடக்கிறது என்று பிறகு பிடிபட்டது. பழக்கதோஷத்தில் நான் குழாயைத் தட்டிக் கலக்கினேன். ஒட்டியிருந்த மணிகள் எல்லாம் உதிர்ந்துபோயின. பால் குடித்துத் தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றுகிற பதத்தில் குழாயைச் சாய்த்து உருட்டிப் பழகினேன். நாலாவது வாரம் ஒரு காலை, கண்ணை வைத்ததும் பூப் பூவாகத் தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில் டாக்டர் ஓடி வந்தார். அய்யாவும் அன்று ஆட்டோடு வந்திருந்தார். அவரையும் கூட்டிவந்து காட்டினேன். ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"சுத்தி நிக்கிறதெல்லாம் நம்ம ஆட்டு ரத்தமா?"

"ஆமாய்யா."

"நடுவுல நிக்கிறது?"

"அது நான். என் ரத்தம்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வெளியே போய்க் கம்பவுண்டரிடம், "எம் மக உள்ள உசுர எண்ணிக்கிட்டு இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

அதற்கப்புறம் எஸ்டேட் ஆட்களின் ரத்தம் வர ஆரம்பித்தது. காலையில் மலையில் எடுத்து, ஜீப்பில் இறக்கி, வெயில் ஏறுவதற்குள் என் கைக்கு வரும். கூடவே ஊர்க்காரர்கள், ஆஸ்பத்திரி ஆட்கள் என்று புழு இல்லாதவர்களின் ரத்தமும் எடுத்தோம். எண்ண எண்ண வித்தியாசம் தெரிந்தது. புழு மிக அதிகம் இருந்தவர்களுக்கு டி செல் குறைவு. எல்லாருக்கும் அப்படி என்று சொல்ல மாட்டேன். வயிறு நிறையப் புழு வைத்துக்கொண்டு டி செல்லும் நிறைய வைத்திருந்த ஒரு ஆள் உண்டு. அது ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதையும் அப்படியே எழுதி வைத்தேன்.

டாக்டர் இந்த எண்களை மதுரைக்கு அனுப்பினார். பேராசிரியர் நம்பவில்லை. ஊர்ப்புறத்து ஆஸ்பத்திரி, ஒரு வருடப் பயிற்சி, வீட்டு ஆடு. எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணம் நோயாளி அல்ல, டெக்னீஷியனின் கை என்று எழுதியிருந்தார். டாக்டர் அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டத் தயங்கினார். நான் வாங்கிப் படித்தேன்.

"சார், அவரை வரச் சொல்லுங்க. யாரு ரத்தம்னு எனக்குச் சொல்ல வேண்டாம். நம்பர் மட்டும் ஒட்டிக் குடுக்கட்டும். நான் எண்ணித் தாரேன்."

வந்தார். உயரமான மனிதர், குரல் மெதுவானது. என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் லேபிலேயே இருக்க, வார்டில் அவரே ரத்தம் எடுத்தார். எஸ்டேட் ஆட்கள், ஆஸ்பத்திரி சமையல்காரர், தன் கார் டிரைவர் என்று எடுத்துவிட்டு, கடைசியில் தன் கையையும் டாக்டரிடம் நீட்டினார். பன்னிரண்டு குழாய், பன்னிரண்டு நம்பர். பிரித்து, கலந்து, பிரிட்ஜில் வைத்தேன். பிரிட்ஜைப் பூட்டிச் சாவியை அவரே எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை எண்ண உட்கார்ந்தபோது கரண்ட் போய்விட்டது. மைக்ராஸ்கோப் விளக்கு அணைந்தது. "இன்னொரு நாள் பார்க்கலாம்" என்றார் பேராசிரியர். இன்னொரு நாள் என்றால் அணுக்கள் செத்துப்போகும், மறுபடி எல்லாரிடமும் ரத்தம் எடுக்க வேண்டும். நான் விளக்கைக் கழற்றிவிட்டு அடியில் கண்ணாடியை மாட்டினேன். மைக்ராஸ்கோப்பைத் தூக்கி ஜன்னலோரம் வைத்து, வெயிலைத் திருப்பி உள்ளே விட்டேன். மேகம் மறைக்கும்போது கையை நிறுத்துவேன். விலகியதும் எண்ணுவேன். அவர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அவரும் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை.

ஒரு குழாய் கட்டி தட்டியிருந்தது. அதற்கு நேராக 'எண்ண முடியவில்லை' என்று எழுதினேன். மீதிப் பதினொன்றுக்கும் எண் போட்டுத் தாளைக் கொடுத்தேன்.

அவர் தன் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து ஒப்பிட்டார்.

"மூணாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் ஒரே ஆள். ரெண்டாப் பிரிச்சு வச்சேன்" என்றார்.

இரண்டுக்கும் நான் எழுதிய எண்கள் ஒட்டி ஒட்டி நின்றன. எஸ்டேட் ஆட்களின் எண்கள் எல்லாம் கீழே, அவருடையதும் சமையல்காரருடையதும் மேலே.

"ஆனா ஏழாம் நம்பர் தப்பு. ரொம்பக் கம்மியா எழுதியிருக்கீங்க. அது என் டிரைவர். நல்ல ஆரோக்கியமான ஆள்."

மறுபடி எண்ணினேன். அதே எண்தான் வந்தது. "சார், அவரோட மோஷன் டெஸ்ட் பண்ணிக்கலாமா?" என்றேன்.

டிரைவர் வெட்கப்பட்டுக்கொண்டே டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் சிலைடை வைத்துப் பார்த்தேன். முதல் பார்வையிலேயே கொக்கிப்புழு முட்டை. நான் எழுந்து பேராசிரியருக்கு இடம் விட்டேன். அவர் குனிந்து பார்த்தார். சிலைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். டிரைவரிடம் விசாரித்ததில், லீவு நாளெல்லாம் தன் ஊரில் வெறுங்காலோடு வயலில் இறங்கி வேலை செய்கிறவர் என்று தெரிந்தது. கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாகத்தான் உடம்பில் ஏறும்.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எழுதின கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க" என்று டாக்டரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

அடுத்தது வைத்தியம். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எஸ்டேட் லயன் வீடுகளுக்கு நாங்களே மேலே போனோம். எல்லாருக்கும் பூச்சி மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை. செருப்புப் போடாமல் புதர்ப் பக்கம் போகக் கூடாது என்று சொன்னோம். சொல்லிவிட்டு வந்தால் போதாது, செருப்பும் கக்கூஸும் வேண்டும் என்று டாக்டர் எஸ்டேட் மேனேஜரிடம் மூன்று தடவை நடந்தார். மூன்றாவது தடவை கிடைத்தது.

முதலில் வந்த அந்தத் தேயிலைக்காரப் பெண் காச நோய்க்கு ஊசியும் மாத்திரையுமாக எங்கள் வார்டிலேயே இருந்தார். பூச்சி மாத்திரை கொடுத்த அன்று கேட்டார்.

"இருமலுக்கு வந்தவளுக்கு எதுக்கு நர்சம்மா வயித்து மாத்திர?"

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். "ஒங்க வீட்டுல நாய் இருக்கா?"

"இருக்கு."

"தெனமும் ஒரு ஆளு வீட்டுக்குள்ள வந்து போய்க்கிட்டே இருந்தா நாய் என்ன செய்யும்?"

"கொஞ்ச நாளு கொலைக்கும். பெறகு சும்மா படுத்துக்கிரும்."

"ஒங்க வயித்துல பூச்சி அப்படித்தான் வந்து குடியிருக்கு. நாய் கொலைக்கிறத விட்டுருச்சு. இப்ப நெஞ்சுக்குள்ள திருடன் வந்துட்டான், அவனப் பாத்தும் கொலைக்கல. முதல்ல இந்த ஆள வெளிய அனுப்புவோம்."

அவர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். "சரியான சோம்பேறி நாயி" என்றார்.

சில மாதங்கள் கழித்து அதே ஆட்களின் ரத்தத்தை மறுபடி எடுத்து எண்ணினோம். பெரும்பாலானவர்களுக்கு டி செல் ஏறியிருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கையில் மறுபடி சோதனை ஊசி போட்டார் டாக்டர். மூன்றாம் நாள் நான் வார்டுக்குப் போவதற்குள் அவரே லேப் வாசலுக்கு வந்துவிட்டார். சேலைத் தலைப்பை விலக்கிக் கையை நீட்டினார். சிவந்து, கெட்டியாக, நல்ல தடிப்பு.

"அரிக்குது நர்சம்மா, வீங்கிப் போச்சு" என்று பயந்துபோய் நின்றார்.

நான் ஸ்கேலை வைத்து அளந்தேன். நம்பாமல் இன்னொரு தடவையும் அளந்தேன். "நாய் எந்திரிச்சிருச்சு" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். அடுத்த வருடம் அவர் மறுபடி தேயிலை பறிக்கப் போனார்.

இந்த வேலையை மதுரையில் ஒரு கூட்டத்தில் டாக்டர் வாசித்தார். என்னையும் அழைத்துப் போயிருந்தார். கூட்டம் முழுக்க டாக்டர்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாசித்து முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்: "எஸ்டேட் ஜனங்களுக்குச் சாப்பாடும் குறைவு. பசியாலும் டி செல் குறையும். புழுவால்தான் குறைந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

மேடையிலிருந்து டாக்டர் கடைசி வரிசையைப் பார்த்தார். "எண்ணினவங்க அங்க இருக்காங்க. லயன் வீட்டுக்கெல்லாம் போனவங்க. அவங்களே சொல்லட்டும்."

நான் எழுந்தேன். எல்லாத் தலைகளும் திரும்பின. இங்கிலீஷ் பேச வராது, தமிழிலேயே சொன்னேன்.

"அந்த மாசங்கள்ல அவங்க சோறு மாறலை சார். அதே ரேஷன், அதே கஞ்சி. நான் ஒவ்வொரு லயனா விசாரிச்சு எழுதியிருக்கேன். பூச்சி போச்சு. ஆனா இரும்புச் சத்து மாத்திரையும் குடுத்தோம், அதையும் சொல்லணும். எது எவ்வளவு செஞ்சதுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. எண்ணினதை மட்டும்தான் சொல்ல முடியும்."

கேள்வி கேட்டவர், "எவ்வளவு படிச்சிருக்கீங்கம்மா?" என்றார். சொன்னேன். எஸ்.எஸ்.எல்.சி., ஒரு வருடப் பயிற்சி. அவர் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி ஏதோ சொன்னார், பிறகு என்னைப் பார்த்து, "இதுவரைக்கும் இன்னிக்கு இங்க இவ்வளவு நேர்மையா யாரும் பதில் சொல்லலை" என்று சத்தமாகவே சொன்னார். முன் வரிசையில் பேராசிரியர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்ன அந்த வாக்கியங்களை டாக்டர் கட்டுரையில் அப்படியே ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டார். அச்சாகி வந்தபோது ஒரு பிரதியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு மத்தியானம் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் படித்து முடித்தேன்.